அம்மாவின் சோஸில் என்ன இருந்தது?

பேக்கரியில் வாங்கிய பணிஸைப் பிளந்து, மாஜரீன் தடவி, சூடேறிய இரும்புத் தட்டில் கவிழ்த்துவைத்தால், அதன் ஓரம் சிவந்து வரும்போது ஒரு மணம் கிளம்பும். கல்லடியில் கடற்கரைக்குத் திரும்புகிற தெருவில் பின்னேரம் நான்கு மணிக்கு அந்த மணம் எழுந்தால், எங்களுடைய ‘ஹொட்டோக் கடை’ திறந்துவிட்டது என்று அர்த்தம். மற்றப் பிள்ளைகளுக்கு அதை மோந்ததும் வாய் ஊறியிருக்கும். கடைக்கார வீட்டில் பிறந்த எனக்கோ அந்த மணத்தோடு சேர்ந்து சனங்களின் முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன: கடிப்பதற்கு முன்னால் பணிஸை விரித்து உள்ளே பார்க்கிற முகங்கள், விரலால் சோஸைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துவிட்டு யோசிக்கிற முகங்கள், பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அது விழுங்கும்வரை கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற தாய்மார். எங்கள் கடையில் யாரும் நிம்மதியாகத் தின்றதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனாலும் அடுத்த நாளும் வந்தார்கள்.

கடையைத் தொடங்கியவர் அப்பா. கட்டாரில் ஒரு தொழிலாளர் முகாமின் குசினியில் ஆறு வருடம் நின்றுவிட்டு, கையில் ஒரு நீண்ட இடுக்கியோடும் தலை நிறையத் திட்டங்களோடும் அவர் ஊருக்கு வந்து இறங்கியபோது சண்டை முடிந்து கொஞ்சக் காலந்தான் ஆகியிருந்தது. சனம் பயமில்லாமல் பின்னேரத்தில் கடற்கரைக்குப் போய் உட்காரத் தொடங்கியிருந்தது. எங்கள் வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவு; எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே. அந்த வளவின் முன்வேலியைப் பத்தடி வெட்டித் தெருவைப் பார்க்கத் திறந்து, பூவரச மரத்துக்குக் கீழே ஒரு தள்ளுவண்டிலை நிறுத்தியதுதான் கடையின் ஆரம்பம். ஒரு வருடத்தில் வண்டிலுக்கு மேலே தகரக் கூரை வந்தது, மறுவருடம் உட்கார இரண்டு வாங்கு வந்தது, அதற்குப் பிறகு ஒரு சீமெந்துத் தரையும் வந்தது. சமையல் அம்மாவுடையது, வாய் அப்பாவுடையது.

எங்கள் ஊரார் இயல்பிலேயே சந்தேகக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காலம் அவர்களை அப்படிப் பழக்கிவிட்டது. எத்தனையோ வருடம் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் இறங்கி, ஆமிக்காரருக்கு அடையாள அட்டையைக் காட்டி, சோற்றுப் பார்சலைக்கூட அவிழ்த்துக் காட்டிப் பழகிய சனம் அது. தெருவில் புதிதாக ஒரு முகம் தெரிந்தால் ‘ஆர், எங்கயிருந்து, என்னத்துக்கு’ என்ற மூன்று கேள்வியையும் கேட்டு முடித்த பிறகுதான் ‘தேத்தண்ணி குடிக்கிறியளா’ என்று கேட்பார்கள். மனிதருக்கே அந்தக் கதி என்றால், தோலுக்குள் எதையோ அரைத்து அடைத்து, பணிஸுக்குள் ஒளித்துக் கொடுக்கிற ஒரு சாமானை அவர்கள் சும்மா விடுவார்களா?

பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வருகிறவர்கள் வண்டிலுக்கு முன்னால் நின்று, அப்பாவை அண்ணன் முறையில் கூப்பிட்டு, “காக்கா, இது ஹலால்தானா?” என்று கேட்பார்கள். அவர்கள் நகர்ந்ததும் எங்கள் ஆட்கள் வந்து, குரலை இறக்கி, “தம்பி, மாடு கீடு கலக்கல்லையே?” என்பார்கள். அப்பா இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைக் கண்டுபிடித்தார். காத்தான்குடிக் கடையொன்றில் கோழி சொசேஜ் மட்டும் வாங்கி, வெறுமையான பக்கற்றுகளைக் கழுவி, கூரைக்குக் கீழே ஒரு கம்பியில் வரிசையாகக் கொளுவிவிட்டார். ஹலால் முத்திரையும் தெரியும், கோழிப் படமும் தெரியும். “ரெண்டு ஊரையும் ஒரே கம்பியில கட்டிப்போட்டன்” என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். பென்சனோடு இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் மட்டும் ஒவ்வொரு நாளும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கற்றிலிருந்து கடைசிப் பக்கற்றுவரை வாசித்து முடித்த பிறகே வாங்கில் உட்காருவார். நேற்று வாசித்தது இன்றைக்கு மாறியிருக்கக்கூடும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஆனால் சொசேஜுக்காக யாரும் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். சொசேஜ் எல்லாக் கடையிலும் இருந்தது. சனம் வந்தது அம்மாவின் சோஸுக்கு. கருஞ்சிவப்பாக, கரண்டியிலிருந்து அவசரப்படாமல் விழுகிற அந்தச் சோஸில் தக்காளியும் உறைப்புக்குக் கொச்சிக்காயும் புளியும் சீனியும் இருந்தன என்பதை யாரும் சொல்லிவிடலாம். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. நாக்கில் கடைசியாக வந்து, தண்ணீர் குடித்தாலும் போகாமல் நிற்கிற ஒரு ருசி. அது என்னவென்று கேட்டால் அம்மா, “சோஸ் எண்டா சோஸ்தான்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்ப்பார்.

ஊர் எங்களைச் சந்தேகப்பட்டதென்றால் அம்மா ஊரையே சந்தேகப்பட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினிக் கதவைச் சாத்தி, உள்ளே கொண்டி போட்டுக்கொண்டுதான் சோஸ் காய்ச்சுவார். பெரிய சாடி நிறையக் காய்ச்சி வைத்தால் ஒரு மாதத்துக்குப் போதும். அன்றைக்கு என்னை ஒரு கடைக்கும் அப்பாவை இன்னொரு கடைக்கும் அனுப்பி ஒவ்வொரு சாமானை வாங்குவிப்பார். மிச்சத்தைத் தானே சந்தைக்குப் போய் வாங்கி, கடதாசியில் சுற்றி, பையின் அடியில் வைத்துக் கொண்டுவருவார். முழுக் கணக்கும் ஒருவருக்கும் தெரியக்கூடாது. சொந்தத் தங்கச்சி, அதாவது என் சித்தி, அந்தச் சனிக்கிழமைகளில் தற்செயலாக வந்துவிட்டால், “இவளுக்கு மட்டும் எப்படி இண்டைக்கெண்டு தெரியும்?” என்று முற்றத்தில் வைத்தே கேட்பார். அப்பா கதவைத் தட்டினாலும், “என்ன வேணும், அங்கயிருந்து சொல்லுங்க” என்றுதான் குரல் வரும்.

கடை நன்றாக ஓட ஓடச் சந்தேகமும் பெருத்தது. வெளியூரார் எங்களைப் பற்றிச் சொல்கிற ஒரு கதை உண்டு: மட்டக்களப்பார் சாப்பாட்டில் மந்திரித்து எதையோ போட்டுக் கொடுத்து, வந்தவனைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாம். நாங்கள் இதை மறுப்பதுமில்லை, முழுதாக ஒப்புக்கொள்வதுமில்லை. கொஞ்சம் பெருமையாகவே சிரித்து வைப்போம். ஆனால் மூன்று மாத வேலைக்கென்று வந்த ஒரு பொறியியலாளர் ஒவ்வொரு நாளும் எங்கள் வாங்கில் வந்து உட்கார்ந்து, மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் ஒரு வருடம் நிற்க எழுதிக் கேட்டாராம் என்று கேள்விப்பட்டபோது, எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. “சோஸுக்குள்ள என்னவோ போடுறாள் கா. இல்லாட்டி ஒரு மனிசன் தினம் தினம் ஒரே சாமானைத் திம்பானா?” என்று பைப்படியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் பின்னேரம் அவர்களும் வந்தார்கள். அதுதான் அவர்களுக்கே பயமாக இருந்திருக்க வேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள், இடைவேளையில் தன் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் நகர்த்திவைத்தாள். ஏனென்று கேட்டதற்கு, “அம்மா சொன்ன, உங்கட வீட்டில தொட்டதைத் தின்னக்கூடாதாம்” என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுது முடிந்த பிறகு சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து சோஸ் இல்லாமல் வெறும் பணிஸைத் தின்னத் தொடங்கினேன். அப்பாவையும் கவனித்தேன். அவர் அம்மாவோடு கிழமைக்கு இரண்டு தரம் சண்டை பிடிப்பார், ‘நான் போறன்’ என்று சைக்கிளை எடுப்பார், சந்திவரை போவார், திரும்பி வந்து வெங்காயம் உரிப்பார். வேறு பிள்ளைகள் அதைக் குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். நான் அதை ஆதாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வைகாசி வந்தது. வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து ஏழு நாள் சடங்கு நடக்கும். அந்த ஏழு நாளும் ஊருக்குள் ‘மச்சம்’ கிடையாது. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் அடுப்பில் ஏறாது. மச்சம் சமைத்த சட்டிகளை முதலே கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அம்மன் பொல்லாதவள், பிழை நடந்தால் ஊருக்கே நோய் வருத்தம் போட்டுவிடுவாள் என்ற பயம் சின்னப் பிள்ளைக்கும் உண்டு. வழக்கமாக எங்கள் கடையும் பூட்டித்தான் கிடக்கும். அந்த வருடம் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவித்த பிலாக்காயையும் சோயாவையும் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டிப் பொரித்து, ‘மரக்கறி ஹொட்டோக்’ என்று விற்றால் என்ன? கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் பசிக்கும்தானே.

கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஐயாவிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அம்மா உத்தரவு கேட்டார். வண்ணக்கர் நெடுநேரம் யோசித்து, “சுத்தமா செய்வியா புள்ள?” என்று கேட்டார். அம்மா செய்து காட்டினார். பழைய இரும்புத் தட்டைத் தூக்கி வளவின் மூலையில் கவிழ்த்துவிட்டுப் புதுத் தட்டு வாங்கினார். புது இடுக்கி, புதுக் கத்தி, புது எண்ணெய். வண்டிலை மஞ்சள் தண்ணீரால் கழுவினார். சொசேஜ் பக்கற்றுகளைக் கம்பியோடு கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, வளவுக்கு வெளியே அனுப்பிவிட்டார். பணிஸில் முட்டை பூசியிருக்கிறதா என்று பேக்கரிக்கே போய் நின்று பார்த்தார். சடங்கின் முதல் நாள் வண்ணக்கரே வந்து, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, ஒன்று வாங்கித் தின்று, இன்னொன்று கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு ஊரே வந்தது. முதல் மூன்று நாளும் அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் காணவில்லை.

நான்காம் நாள் மத்தியானப் பூசையில் தெய்வம் ஆடுகிறவர் திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி, வேப்பிலையைத் தெற்குப் பக்கம் நீட்டி, “மச்சம் பட்டிட்டு! என்ட வாசலுக்கு மச்சம் வந்திட்டு!” என்று கத்தினார். தெற்குப் பக்கம் என்றால் எங்கள் ஒழுங்கை. எங்கள் ஒழுங்கையில் மச்சம் என்றால், யாரும் வாய் திறந்து சொல்லவேண்டிய அவசியமில்லாமல், எல்லோருடைய கண்ணும் பூமணி மாமியிடம் போனது.

பூமணி மாமி எங்களுக்கு அடுத்த வீடு. புருசன் வாவியில் தோணி விடுகிறவர். மாமி மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி விற்பார். சடங்குக்கு முன்பே கருவாட்டையெல்லாம் பிளாஸ்டிக் பீப்பாவில் போட்டு மூடி, பட்டியால் இறுக்கி, மீன்வாடிக்கு அனுப்பிவிட்டுத்தான் இருந்தார். ஆனால் முற்றத்து மண்ணுக்கு எத்தனை வருட மணம்! அவருடைய மகளுக்கு ஏழு வருடம் கழித்து அந்த வருடந்தான் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. அதற்காக அம்மனுக்கு மடைப்பெட்டி கொடுப்பதாக நேர்ந்திருந்தார். மடைப்பெட்டி என்பது புது ஓலைப்பெட்டியில் அரிசி, தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, கடைசி நாளில் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற காணிக்கை. ஒரு வீட்டின் பெட்டியை வாங்க மாட்டோம் என்று கோயில் சொல்லிவிட்டால், அந்த வீட்டுக்கு அதைவிட வேறு அவமானம் இல்லை.

அதைச் சொல்லவைத்தவர் என் அம்மா. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். அன்று பின்னேரம் வண்ணக்கரின் மனைவி கடைக்கு வந்து சாடையாகக் கேட்டபோது, பணிஸில் சோஸை ஊற்றிக்கொண்டே அம்மா, “நான் ஒண்டும் சொல்லல்ல கா. ஆனா முந்தநாள் விடிய வேலிக்கு அங்கால கருவாட்டு மணம் வந்தது உண்மை” என்றார். அவ்வளவு போதும். அடுத்த நாள் காலையிலேயே கோயில் ஆட்கள் வந்து, பூமணி மாமியின் மடைப்பெட்டி இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமி முற்றத்தைக் கூட்டினார், சாணம் தெளித்தார், அடுப்பைக் காட்டினார், சட்டியைக் காட்டினார், போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு, “வந்து மோந்து பாருங்க, ஒருக்கா வந்து மோந்து பாருங்க” என்று கெஞ்சினார். ஒருவரும் வேலிப் படலையைத் தாண்டவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. விற்பனை அதிகமானதால் சாடி வற்றிவிட்டது. அம்மா வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குள்ளே இருந்த சந்தேகக்காரிக்கு அன்றைக்குத்தான் துணிவு வந்தது. குசினியின் பின்பக்கத்தில் தென்னோலைக் கிடுகுச் சுவரில் ஒரு இடைவெளி இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். தாயத்தோ, தகடோ, மந்திரித்த மையோ ஏதாவது வெளியே வரும் என்று காத்து நின்றேன். அம்மா பையின் அடியிலிருந்து கடதாசிச் சுருளை எடுத்து அவிழ்த்து, மரக்கட்டை மாதிரிக் கறுத்துக் காய்ந்த துண்டுகளை உரலில் போட்டு இடித்தார். அதை எனக்குத் தெரியும். சம்பலுக்கு இடிக்கிற மாசி. மாலைதீவிலிருந்து வருகிற காய்ந்த சூரை மீன்.

எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா? அந்த ஏமாற்றத்தில்தான் வாய் தவறியது.

“அம்மா, மாசி மச்சம்தானே?”

உலக்கை நின்றது. அம்மா சுவரைப் பார்த்தார், உரலைப் பார்த்தார், பிறகு சாடியைப் பார்த்தார். நான் உளவு பார்த்ததற்கு அடி விழும் என்று நினைத்தேன். அவருக்கு நான் அங்கே நின்றதே உறைக்கவில்லை. தட்டை மாற்றியவர், இடுக்கியை மாற்றியவர், பேக்கரி முட்டையைத் தேடிப் போனவர், சோஸைப் பற்றி நினைக்கவேயில்லை. அதை ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்து மறைத்து, சோஸுக்குள் மீன் இருக்கிறது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. வேறொருவருக்குத் தெரிந்திருந்தால் ஞாபகப்படுத்தியிருப்பார்கள். நான்கு நாளாக, காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களுக்கும் வண்ணக்கருக்கும் வண்ணக்கரின் மனைவிக்கும் அவர் தன் கையால் மச்சம் பரிமாறியிருந்தார்.

அப்பா கேள்விப்பட்டதும் முதலில் கதவைத்தான் சாத்தினார். “வாயை மூடு. இன்னும் ரெண்டு நாள். கடையைப் பூட்டுவம், உனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவம். அம்மாளாச்சிக்கு நாங்க தனியா நேர்ந்து குடுப்பம். ஊருக்குத் தெரிஞ்சா இனி ஒருத்தனும் எங்கட கையால தண்ணியும் வாங்கிக் குடிக்கமாட்டான்.” அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தக் கடையைத் தவிர எங்களுக்கு வேறு ஒன்றுமில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேலிக்கு அங்கால் பூமணி மாமி இன்னும் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. “அந்த மனிசி என்ன பாவம் செய்தது?” என்று மட்டும் அம்மா கேட்டார். இரண்டு நாளும் கடை பூட்டிக் கிடந்தது. அம்மா சாப்பிடவில்லை.

கடைசி நாள் பின்னேரம் மடைப்பெட்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அம்மா எங்கள் வீட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். போகிற வழியில் பூமணி மாமியின் படலையில் நின்று, “பூமணியக்கா, பெட்டிய எடுத்துக்கொண்டு வாங்க” என்றார். மாமி நம்பாமல் பார்த்தார். ஆனாலும் கட்டிவைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளி, எங்களுக்குப் பின்னால் வந்தார்.

கோயில் முன்றலில், பெட்டி வாங்கிக்கொண்டிருந்த வண்ணக்கருக்கு முன்னால் அம்மா தன் பெட்டியை இறக்கினார். “ஐயா, பிழை நான்தான் செய்த. சோஸுக்குள்ள மாசி கிடந்த. மறந்திட்டன். பூமணியக்காவில ஒரு குத்தமும் இல்ல. அவட பெட்டிய எடுங்க” என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. “மாசியாம்!” என்று யாரோ சிரித்தார்கள். “மாசிக்கா இத்தனை வருசம் கதவைப் பூட்டிக்கொண்டு காய்ச்சின? வேற என்னவோ போட்டிரிக்கா, அதை மறைக்கத்தான் மாசியைச் சொல்லுறா” என்று இன்னொரு குரல். வண்ணக்கரின் மனைவி, “அண்டைக்குக் கருவாட்டு மணம் எண்டதும் இவதான். இண்டைக்கு அவ நல்லவ எண்டு சொல்லுறதும் இவதான். ரெண்டு பேருக்கும் இடையில என்னவோ இரிக்கி” என்றார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் இரகசியத்தை ஊருக்கு நடுவில் போட்டு உடைத்திருந்தார், அதை எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “இவள் கண்டவள். இவளைக் கேளுங்க.”

வண்ணக்கர் குனிந்தார். அவர் நல்ல மனிதர். அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. “பயப்படாத புள்ள. அம்மா மாசி இடிச்சதைக் கண்டியா?”

“ஓம்.”

“அது மட்டும்தானா? வேற ஒண்டும் போடல்லயா?”

அம்மனுக்கு முன்னால் பொய் சொன்னால் கண் போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தது ஒரு நாள், ஒரு இடைவெளியால், சில நிமிடம். சட்டியில் என்ன விழுந்தது என்று முழுதாகப் பார்க்கவில்லை. அது மட்டுமல்ல, பைப்படிப் பேச்சும், நகர்த்திவைத்த சாப்பாட்டுப் பெட்டியும், சந்தியிலிருந்து திரும்பி வருகிற அப்பாவும் எனக்குள்ளே ஒரு மூலையில் இன்னும் இருந்தார்கள். என் தோளில் இருந்த அம்மாவின் கை, நான் சொல்லப்போகிற ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

“தெரியா” என்றேன்.

அம்மாவின் கை தோளிலிருந்து விழுந்தது. வண்ணக்கர் நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், இரண்டு பெட்டியும் இந்த வருடம் வேண்டாம் என்றார்.

இரண்டு பெண்களும் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்கள். எதிரே பெட்டியோடு வந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். படலையடியில் பூமணி மாமி நின்று, “உன்னை நம்பி ரோட்டால தூக்கிக்கொண்டு போய், ரெண்டாந்தரமும் வேணாம் எண்டு கேட்டு வந்தன்” என்றார். அதற்குப் பிறகு அவர் அம்மாவோடு கதைத்ததில்லை. அம்மாவும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கேட்டால் அதிலும் ஏதோ இருக்கிறது என்று மாமி நினைப்பார் என்று சொன்னார்.

கடை இன்னும் நான்கு மாதம் இழுத்தது. அம்மா குசினிக் கதவை அகலத் திறந்துவைத்து, தெருவில் போகிறவர்களும் பார்க்கும்படி முற்றத்திலேயே சோஸ் காய்ச்சினார். அதைப் பார்த்தவர்கள், “இது பார்க்கிறதுக்குக் காய்ச்சிற சோஸ்” என்றார்கள். பொறியியலாளர் மாற்றலாகிப் போனார். வாத்தியார் வரவில்லை. அப்பா மறுபடியும் கட்டாருக்குப் போய், பிறகு வந்து, பாசிக்குடாவில் ஒரு ஹொட்டலின் குசினியில் சேர்ந்தார். அங்கே வெள்ளைக்காரர்கள் பணிஸை விரித்துப் பார்க்காமலே கடிப்பதைக் கண்டு முதல் மாதம் முழுக்க அவருக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இப்போது அந்த இடத்தில் வேலி நிமிர்ந்துவிட்டது. பூவரச மரத்தைத் தெரு அகலமாக்கியபோது வெட்டினார்கள். சீமெந்துத் தரையில் யாரோ மோட்டார்சைக்கிள் நிறுத்துகிறார்கள். கடற்கரைப் பக்கம் விளக்குப் போட்ட கடைகள் பத்துப் பதினைந்து வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஹொட்டோக் இருக்கிறது, சோஸ் போத்தலில் வருகிறது, ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பூமணி மாமி போன வருடம் செத்துப்போனார். அவருடைய மகளின் பிள்ளை நான் படிப்பிக்கிற வகுப்பில்தான் படிக்கிறது. அந்தக் கதை அதற்குத் தெரியாது.

செத்தவீட்டிலிருந்து திரும்பி வந்து கால் கழுவிவிட்டு, நானும் அம்மாவும் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு இப்போது முழங்கால் நோவு. கன நேரம் நிற்க ஏலாது. இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னேன்.

“அம்மா, அண்டைக்குக் கோயில்ல நான் ஓம் எண்டு சொல்லியிருக்கணும். மாசி மட்டும்தான் எண்டு எனக்குத் தெரியும்.”

அம்மா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது அழுவார் என்று. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

“எப்பயிருந்து தெரியும், மகள்?” என்று கேட்டார்.

நான் யோசித்தேன். யோசித்தது பிழை. அந்தக் கொஞ்ச நேரத்தை அம்மா கண்டுவிட்டார். நான் பிறகு சொன்னதெல்லாம் உண்மை, அம்மன் மேல் ஆணையாக உண்மை. அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லையும் நம்பவில்லை.